நமக்கு ஓட்டில்லாத தேர்தல்

ஜனாதிபதித் தேர்தலில் உங்களுக்கும் எனக்கும் ஓட்டுக் கிடையாது. எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் போடுகிற ஓட்டு அது. வாசலுக்கு யாரும் கும்பிட்டபடி வருவதில்லை, சுவரில் சின்னம் வரைவதில்லை, விரலில் மை வைப்பதில்லை. ஆனாலும் அந்தத் தேர்தல் வருகிற ஆடி மாதங்களில், காவிரியில் புதுத்தண்ணீர் இறங்கி எங்கள் படுகை அணையில் செம்மண் நிறமாக வழிகிற நாட்களில், ஜேடர்பாளையத்து டீக்கடை பெஞ்சில் பெரியவர்கள் அதைப் பற்றிக் காட்டிய அக்கறையை இப்போது நினைத்தால் மனசு நிறைந்து வருகிறது. தமக்கு ஒரு பைசா லாபமோ நஷ்டமோ இல்லாத காரியத்தில் மனிதர்கள் இவ்வளவு நேர்மையாக இருக்க முடியுமா என்று தோன்றுகிறது. லாப நஷ்டம் இல்லாததால்தான் அப்படி இருக்க முடிந்ததோ என்றும் தோன்றுகிறது. உங்கள் ஊரிலும் அப்படி ஒரு பெஞ்சு இருந்திருக்கும், அதன் ஓரத்தில் பெரியவர்கள் பேச்சைக் கேட்டபடி நீங்களும் நின்றிருப்பீர்கள்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பரமத்தி வேலூரிலிருந்து ஆற்றை ஒட்டியே மேலே ஏறி வந்தால் ஜேடர்பாளையம். அக்கரை ஈரோடு ஜில்லா. அல்லாள இளைய நாயக்கர் வெட்டுவித்ததாக ஊர் சொல்லும் ராஜா வாய்க்கால் எங்கள் அணையிலிருந்துதான் புறப்படுகிறது; அந்தத் தண்ணீரில்தான் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் கரும்பும். கரும்பை அங்கங்கே ஆலையாட்டி, கொப்பரையில் காய்ச்சி, உருண்டை பிடித்து, சிப்பம் கட்டிப் பக்கத்துப் பிலிக்கல்பாளையம் சந்தைக்கு ஏலத்துக்குக் கொண்டுபோவார்கள். 1997 புத்தாண்டு அன்று நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை நாங்களெல்லாம் சேலம் ஜில்லாக்காரர்கள். சேலம் ஜில்லாக்காரர்கள் என்பதில் ஒரு சின்ன மனக்குறையும் எங்கள் பெரியவர்களுக்கு இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அந்தக் குறைக்குப் பெயர் ராஜாஜி. சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917-இல் சேலம் நகரசபைத் தலைவராகி, 1925-இல் எங்கள் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் வைத்து, கடைசியில் இந்தியாவின் ஒரே இந்தியக் கவர்னர் ஜெனரலாக டெல்லியில் உட்கார்ந்தவர். 1950 ஜனவரி 26-இல் நாடு குடியரசானபோது அந்த மாளிகையிலேயே ஜனாதிபதியாகத் தொடர்வார் என்றுதான் நேரு விரும்பினார். கட்சிக்காரர்கள் ஒப்பவில்லை. 1942-இல் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் சேராமல் ஒதுங்கி நின்றவர் என்ற ஒரு குறையை எடுத்துவைத்து, ராஜேந்திர பிரசாத்தை உட்காரவைத்துவிட்டார்கள். எங்கள் பெஞ்சில் ஜனாதிபதி என்ற பேச்சு எடுத்தாலே முதலில் இந்தக் கணக்குதான் வரும்.

“நம்ம ஜில்லாவுலதானுங்க மொதல்ல கள்ளுக்கடைய மூடுனாரு, முப்பத்தேழுல. அது ஒண்ணு போதாதுங்களா?” என்பார் ஒருவர்.

“போதும். ஆனா ஐம்பத்து மூணுல பள்ளிக்கூடத்த அரை நேரமாக்குனதும் அவருதானுங்க. அதையும் சொல்லிப்போட்டுப் பேசுங்க” என்பார் வாத்தியார்.

இந்த ‘அதையும் சொல்லிப்போட்டு’ என்பதுதான் எங்கள் பெஞ்சின் சட்டம். அதைக் கொண்டுவந்தவர் ஒரு வெல்ல மண்டிக்காரர். ஏலத்தில் உருண்டையை உடைத்து உள்ளே நிறம் பார்க்காமல், ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்க்காமல் விலை சொல்லமாட்டார். அஸ்கா சர்க்கரை கலந்த வெல்லம் மேலுக்குப் பளிச்சென்று இருக்கும், உள்ளே தெரிந்துவிடும். ஆளையும் அப்படியே உடைத்துப் பார்க்கச் சொன்னார். யாரையாவது புகழ்ந்தால், புகழ்ந்தவர் வாயாலேயே அந்த ஆளிடம் உள்ள ஒரு குறையும் வரவேண்டும். ஏசினாலும் அப்படியே, ஏசியவரே ஒரு நல்லதும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த டீ அவர் கணக்கில். இதற்காகவே கஞ்சத்தனம் பிடித்த ஒரு மாமா, எதிர்க்கட்சித் தலைவர்களின் நல்ல குணங்களையெல்லாம் தேடித் தேடி வைத்திருப்பார். அவருக்கு அது முதலில் டீக்காசுப் பிரச்சனையாக இருந்து, போகப்போக உண்மையான குணமாகவே மாறிப்போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எனக்கு நினைவு தெரிந்து நடந்த முதல் தேர்தல் 1969. அந்த மே மாதம் ஜாகிர் உசேன் பதவியிலிருக்கும்போதே இறந்துபோக, ஆகஸ்டில் தேர்தல் வந்தது. பெரியப்பாவுக்குப் புகையிலை வாங்கிவரும் சாக்கில் கடைக்குப் போய் நிற்கிற வயசு எனக்கு. எங்கள் வீட்டில் எல்லோரும் காமராஜர் பக்கம். காமராஜரும் காங்கிரஸ் மூத்த தலைவர்களும் நிறுத்திய வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. இந்திரா காந்தியோ, மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்று சொல்லிவிட்டார். அதற்கு அர்த்தம் வி.வி. கிரி. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் அண்ணா மறைந்து கலைஞர் முதலமைச்சராகியிருந்தார், தி.மு.க.வும் கிரி பக்கம். ஆகவே பெரியப்பாவுக்கும் அவருடைய மச்சினருக்கும், ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிற இரண்டு குடும்பங்களுக்கு நடுவில், அன்றைக்குப் பேச்சு கொஞ்சம் சூடாகவே இருந்தது. மூன்றாவதாக சி.டி. தேஷ்முக். ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னர். ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் அவருக்கு ஆதரவு.

அந்தச் சூட்டைத் தணித்தது வாத்தியார் சொன்ன ஒரு விஷயம். இன்றுவரை அதைவிட அழகாக யாரும் மூன்று வேட்பாளர்களை ஒரே பார்வையில் காட்டி நான் கேட்டதில்லை. “மூணு பேரும் ராஜினாமா பண்ணுனவங்க, கவனிச்சீங்களா?” என்றார். உண்மைதான். கிரி, 1954-இல் வங்கி ஊழியர்களுக்குக் கிடைத்த தீர்ப்பை அரசாங்கம் மாற்றியதால் மத்திய தொழிலாளர் மந்திரி பதவியை விட்டவர். தேஷ்முக், பம்பாயை மகாராஷ்டிரத்துக்குத் தராமல் டெல்லி தன் கையில் வைத்துக்கொள்ளப் பார்த்ததற்காக 1956-இல் நிதி மந்திரி பதவியை விட்டவர். ரெட்டி, பஸ் வழித்தடங்களை நாட்டுடைமையாக்கிய வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்ன சொல்லுக்காக 1964-இல் ஆந்திர முதலமைச்சர் பதவியை விட்டவர். “இப்ப நாம பாக்க வேண்டியது ஒண்ணுதான். எதுக்காக விட்டாங்க, விட்டப்புறம் எப்படி இருந்தாங்க.”

அதன் பிறகு பேச்சு எந்தத் திசையில் போயிற்று என்று நினைக்கிறீர்கள்? தொழிலாளிக்காக விட்டது பெரிதா, மொழிக்காரனுக்காக விட்டது பெரிதா, கோர்ட்டு சொன்ன சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து விட்டது பெரிதா என்று பொழுது இறங்கும்வரை பேசினார்கள். பெரியப்பா ரெட்டிக்காகப் பேசும்போது, 1967-இல் லோக்சபா சபாநாயகர் ஆனதும் பாரபட்சம் கூடாதென்று காங்கிரஸ் உறுப்பினர் பதவியையே விட்டதைச் சொன்னார், சொல்லிவிட்டு, சட்டப்படி தன் கட்சிக்காரரின் குறையையும் தானே சொன்னார்: “பஸ் கேஸ்ல அவரு பேருல ஒரு கீறல் விழுந்தது விழுந்ததுதானுங்க.” மச்சினர் கிரிக்காகப் பேசி முடித்து, “தற்காலிக ஜனாதிபதியா உக்காந்திருந்த நாற்காலியில இருந்து எந்திரிச்சு வந்து அதே நாற்காலிக்கு நிக்கறது எனக்கு என்னமோ மாதிரித்தான் இருக்குது” என்றார். பதினான்கு வங்கிகளை நாட்டுடைமையாக்கிய அவசரச் சட்டத்தில் 1969 ஜூலை 19-இல் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் பதவி விலகியவர் கிரி. அந்தக் கையெழுத்து பலமா பலவீனமா என்பதில் கரும்புக்குக் கடன் வாங்கியவர்கள் ஒரு பக்கம், கடன் கொடுத்தவர்கள் ஒரு பக்கம்.

ஆகஸ்ட் 20-ஆம் தேதி எண்ணிக்கை. அப்போதெல்லாம் முடிவு என்பது காத்திருந்து கிடைக்கிற பொருள். அந்தக் காத்திருப்பின் ருசியை இப்போது எங்கே போய் வாங்குவது? ஆகாசவாணியின் செய்தி நேரத்துக்காக ரேடியோவைச் சுற்றி நின்றார்கள். முதல் சுற்றில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769; யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. இரண்டாம் விருப்ப ஓட்டை எடுத்து எண்ணி, கிரி 4,20,077 என்றும் ரெட்டி 4,05,427 என்றும் வந்து நின்றது. தோற்றவரின் சீட்டில் இரண்டாவதாக யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவருக்கு அது போய்ச் சேரும் என்பதை வாத்தியார் கரித்துண்டால் திண்ணையில் எழுதிக் காட்டினார். எனக்கு அன்று பாதிதான் புரிந்தது. ஆனால் ஒருவர் தோற்றாலும் அவர்மேல் விழுந்த ஓட்டு செத்துப்போவதில்லை என்பது மட்டும் மனசில் ஒட்டிக்கொண்டது.

ரெட்டி தன் சொந்த ஊர்ப் பக்கம் போய் விவசாயம் பார்த்தார். விவசாயத்துக்குப் போனார் என்று கேள்விப்பட்டதும் எங்கள் ஊரில் அவர் மதிப்பு கூடிவிட்டது. எட்டு வருஷம் கழித்து 1977-இல் அதே ரெட்டி போட்டியே இல்லாமல் ஜனாதிபதியானபோது, 37 பேர் மனுக் கொடுத்ததில் 36 தள்ளுபடியாகி அவர் ஒருவர்தான் மிஞ்சினார் என்ற செய்தியை தினத்தந்தியில் படித்துவிட்டு, பெரியப்பா மச்சினருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பாக்கி வைத்த கணக்கு மாதிரி அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

மனுத் தள்ளுபடி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1969-இல் ஒருவர் முன்மொழிந்து ஒருவர் வழிமொழிந்தால் போதும். களத்தில் பதினைந்து பேர் நின்றார்கள், சிலருக்கு ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. 1974-இல் அதைப் பத்துப் பத்துப் பேராக்கினார்கள், 2,500 ரூபாய் டெபாசிட் வைத்தார்கள். 1997-இல் ஐம்பது ஐம்பதாக்கி, டெபாசிட்டையும் 15,000 ஆக்கிவிட்டார்கள். எங்கள் ஆற்றுக்கு மேலே மேட்டூரில், 1988-லிருந்து கண்ணில் படுகிற தேர்தலிலெல்லாம் நிற்கிற பத்மராஜன் இருக்கிறாரே, டயர் கடை வைத்திருப்பவர், அவர் ஜனாதிபதி தேர்தலுக்கும் மனுக் கொடுத்துப் பார்த்தவர். நூறு எம்.பி., எம்.எல்.ஏ. கையெழுத்துக்கு அவர் எங்கே போவார்? விளையாட்டுக்கு நிற்பவர்களைத் தடுக்கத்தான் அந்த விதி என்கிறார்கள். சாதாரண மனுஷன் நிற்கலாம் என்ற எண்ணமாவது உயிரோடு இருக்கட்டுமே என்று எனக்குத் தோன்றும்.

அந்த பெஞ்சைப் பற்றி இவ்வளவு ஆசையாகச் சொல்லிக்கொண்டு போகிற நான் அது எப்படி இருந்தது என்பதையும் முழுசாகச் சொல்லவேண்டும். பெஞ்சில் பெண்கள் உட்கார்ந்ததில்லை. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிவிட்டு வருகிற பெண்கள் பாத்திரத்தில் டீ வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய்விடுவார்கள். எல்லா ஆண்களும் உட்கார்ந்ததில்லை. எங்கள் கரும்பை வெட்டிச் சுமந்தவர்கள் கடைக்கு வெளியே நின்று, கூரையில் செருகி வைத்திருந்த தனிக் குவளையை எடுத்து, தாங்களே கழுவி, அதில் டீ வாங்கிக் குடித்துவிட்டு, மறுபடி கழுவிச் செருகிவிட்டுப் போனார்கள். கிரியின் தொழிலாளர் பாசத்தைப் பற்றிப் பொழுது இறங்கும்வரை பேசியவர்களுக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் இது நடந்தது. அந்தக் குவளை எந்த வருஷம் கூரையிலிருந்து போயிற்று என்று எனக்குத் தேதி தெரியாது. ஆனால் 1997 ஜூலையில் கே.ஆர். நாராயணனும் டி.என். சேஷனும் மோதியபோது அது இல்லை. அப்பா காலத்தில் வெளியே நின்று குடித்தவரின் மகன், கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தவர், பெஞ்சில் நடுவில் உட்கார்ந்து பேசினார்.

அவர் பேச்சை நான் மறக்கமாட்டேன். தேர்தல் கமிஷனராக இருந்து சுவரெழுத்தையும் ஒலிபெருக்கியையும் அடக்கிய சேஷன்மேல் ஊரில் எல்லோருக்கும் ஒரு மயக்கம். இந்த மனிதரோ சேஷனின் நல்லதை மனசாரச் சொல்லிவிட்டு, “ஆனா அவருக்கு உத்தரவு போடத்தானுங்க தெரியும். ஜனாதிபதி உத்தரவு போடற வேலை இல்லீங்க, உத்தரவ நிறுத்திவெச்சுப் பாக்கற வேலை” என்றார். நாராயணன்மேல் குறை கேட்டபோது, சபையில் அதிர்ந்து பேசமாட்டார், ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து நிறுத்தியிருப்பதால் யாருக்கும் வேண்டாம் என்று சொல்லத் தயங்குவாரோ என்று சந்தேகம் என்றார். நாராயணன் 9,56,290 ஓட்டும் சேஷன் 50,631 ஓட்டும் வாங்கி, நாட்டின் முதல் தலித் ஜனாதிபதி பதவியேற்றார். அதே ஆண்டு அக்டோபரில் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கச் சொல்லி மந்திரிசபை அனுப்பிய காகிதத்தை, மறுபடி யோசியுங்கள் என்று நாராயணன் திருப்பி அனுப்பினார். அந்தச் செய்தி வந்த அன்று பெஞ்சில் அந்த வங்கிக்காரரை எல்லோரும் ஒரு பார்வை பார்த்தார்கள். சொன்னது பலித்தது பாதி, சந்தேகம் தீர்ந்தது பாதி.

1987-ஐச் சீக்கிரம் சொல்லிவிடலாம், அது ஆர். வெங்கட்ராமன் சுலபமாக ஜெயித்த தேர்தல். ஆனால் எதிரே நின்றவர் வி.ஆர். கிருஷ்ணய்யர், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 1957-இல் கேரளக் கம்யூனிஸ்டு மந்திரிசபையில் இருந்து, பிறகு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தவர். வெங்கட்ராமன் காமராஜரின் மந்திரி. கிண்டி, ராணிப்பேட்டை தொழிற்பேட்டைகளைக் கட்டியவர். நல்லவர்கள் இருவர் எதிரெதிரே நின்றால் எடை போடுவது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்கு அந்த வருஷம்தான் தெரிந்தது.

அந்தக் கஷ்டம் அதன் முழு அழகோடு வந்தது 2002-இல்.

ஒரு பக்கம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். இன்னொரு பக்கம் கேப்டன் லட்சுமி. இருவருமே தமிழ்நாட்டு மண்ணில் பிறந்தவர்கள். ஒருவர் பாம்பன் கடலோரத்தில் பேப்பர் போட்ட பையன், மற்றவர் சென்னையில் பெரிய வக்கீல் சுவாமிநாதனுக்கும், பின்னால் திண்டுக்கல்லின் எம்.பி.யான அம்மு சுவாமிநாதனுக்கும் பிறந்த பெண். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, சிங்கப்பூர் போய், 1943-இல் நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றவர். இதைவிட ஆச்சரியம் ஒன்றை வாத்தியாரின் மகன்தான், அவரும் அப்போது வாத்தியார், கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்: லட்சுமியின் தங்கை மிருணாளினியின் கணவர் விக்ரம் சாராபாய், கலாமைத் தும்பா ராக்கெட் தளத்துக்குக் கொண்டுவந்து வளர்த்துவிட்ட அதே சாராபாய். ஒருவரின் மைத்துனர் மற்றவரின் குரு! பெஞ்சு கொஞ்ச நேரம் பேச்சற்றுப் போயிற்று. பிறகு அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

கலாமின் பலத்தைச் சொல்ல யாரும் தேவையில்லை. 1980 ஜூலையில் எஸ்.எல்.வி.-3 மேலே போனது, அக்னி, 1998 பொக்ரான், அக்னிச் சிறகுகளைப் படித்துவிட்டுப் படிப்பில் மூழ்கிய எங்கள் ஊர்ப் பிள்ளைகள். ஆளும் கட்சியும் காங்கிரஸும் சமாஜ்வாதியும், தமிழ்நாட்டில் எலியும் பூனையுமான இரண்டு கழகங்களும் ஒரே ஆளுக்கு ஓட்டு. குறை சொல்லத்தான் எல்லோரும் திணறினார்கள். சட்டத்தை விட்டுக்கொடுக்காமல் குறை சொன்னவர் புது வாத்தியார்: “அவருக்கு ராக்கெட் தெரியும். அரசியல்காரன் ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஒரு காகிதத்த நீட்டுனா என்ன பண்ணோணும்னு தெரியுமா?” அதைக் கேட்டு சிலருக்குக் கோபமே வந்தது. 2005 மே மாதம் கலாம் மாஸ்கோவில் இருந்தபோது நள்ளிரவில் பீகார் சட்டசபையைக் கலைக்கும் ஆணை அவர் கையெழுத்துக்குப் போயிற்று, அவரும் போட்டார்; அது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று சுப்ரீம் கோர்ட் பின்னால் சொன்னது. அதற்கு மறு ஆண்டு ஆதாயம் தரும் பதவி மசோதாவை அவர் திருப்பி அனுப்பினார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் யாருக்காவது டீ வாங்கித் தரவேண்டியிருக்கும்.

கேப்டன் லட்சுமிக்கு எண்ணிக்கை இல்லை. இடதுசாரிகள் மட்டுமே பின்னால். வயசு 87. ஆண்கள் எல்லோரும் வயசையே குறையாகச் சொன்னார்கள். அப்போது கடையை நடத்திக்கொண்டிருந்தவர் பழைய டீக்கடைக்காரரின் மருமகள், பாய்லருக்குப் பின்னாலிருந்து கேட்டார்: “தோக்கறதுன்னு தெரிஞ்சும் எம்பத்தேழு வயசுல ஒரு ஆத்தா ஊரூராப் போய் ஓட்டுக் கேக்குதுன்னா, அது கொறையாங்கண்ணா? நீங்க எந்திரிச்சுத் தண்ணி மோந்து குடிக்கறதுக்கே என்னியக் கூப்படறீங்க.” கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர், 1984-இல் போபாலில் விஷவாயு கசிந்தபோது டாக்டர்களைக் கூட்டிக்கொண்டு போனவர் என்பதெல்லாம் அதன் பிறகுதான் பேச்சில் வந்தது. அந்த பெஞ்சில் ஒரு பெண் குரல் எடைக்கு எடை நின்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தத் தேர்தலின் கணக்கும் உண்டு. 1971 மக்கள்தொகைப்படி தமிழ்நாடு 4 கோடியே 12 லட்சம். அதை 234 தொகுதியால் வகுத்து, ஆயிரத்தால் வகுத்தால் எங்கள் கபிலர்மலை எம்.எல்.ஏ.வின் ஒரு ஓட்டுக்கு அன்று மதிப்பு 176. உத்தரப் பிரதேசத்துக்காரருக்கு 208, சிக்கிம்காரருக்கு 7, எம்.பி.க்கு 708. “அப்ப நம்ம ஓட்டு சிக்கிம் ஓட்டு மாதிரி இருவத்தஞ்சு” என்று பிள்ளைகள் பெருக்கிப் பார்ப்பார்கள். முடிவு 9,22,884-க்கு 1,07,366. தோற்றவருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் மதிப்பு கிடைத்தது என்பதில் கடைக்கார அக்காவுக்கு அன்று முழுதும் சந்தோஷம்.

இப்போது பெஞ்சு இருந்த இடத்தில் மீன் வறுவல் கடை. ஞாயிற்றுக்கிழமையானால் ஈரோட்டிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் கார்கள் வந்து நிற்கின்றன. அணைப் பூங்காவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். ஊரில் பத்துப் பேர் பிழைக்கிறார்கள். நல்லதுதான், மீனும் ருசிதான். பேச்சு கைப்பேசிக்குப் போய்விட்டது. ஊர்க் குழுவில் இன்று பெண்கள் இருக்கிறார்கள், எல்லாத் தெருக்காரர்களும் இருக்கிறார்கள், துபாயில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பெஞ்சு கனவிலும் கண்டிராத கூட்டம். வாத்தியார் பரமத்தி வேலூர் நூலகத்துக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவந்த விஷயம் ஒரு விரலசைவில் கிடைக்கிறது. இத்தனையும் கிடைத்தபின் எடை போடுவது மட்டும் நின்றுபோயிற்று. வேட்பாளர் பெயர் வருவதற்குள் தீர்ப்பு வந்துவிடுகிறது.

2022-இல் திரௌபதி முர்முவும் யஷ்வந்த் சின்ஹாவும் நின்றபோது, குழுவில் பூப்போட்ட வாழ்த்துப் படங்கள் ஒரு பக்கமும் கேலிப் படங்கள் ஒரு பக்கமும் வந்து குவிந்தன. முதல் பழங்குடிப் பெண் ஜனாதிபதி. அது சின்ன விஷயமில்லை, எனக்கும் கண் நிறைந்தது. ஆனால் ஜார்க்கண்ட் ஆளுநராக இருந்தபோது, பழங்குடிகளின் நிலச் சட்டத்தைத் திருத்தும் மசோதாக்களை, தன் கட்சியே ஆண்ட மாநிலத்தில், 2017-இல் கையெழுத்துப் போடாமல் அவர் திருப்பி அனுப்பினாரே, அதை அவரைப் புகழ்ந்தவர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவருடைய பெரிய பலத்தை அவருடைய ஆட்களே விட்டுவிட்டார்கள். எதிரே நின்ற சின்ஹா ஐ.ஏ.எஸ். வேலையை விட்டு வந்து, நிதி மந்திரியாக இருந்து, 2018-இல் பா.ஜ.க.வை விட்டு வெளியேறியவர்; ராஜினாமாவை நிறுத்துப் பார்க்கத் தெரிந்த எங்கள் பழைய வாத்தியாருக்கு ஒரு வாரத்துக்கான தீனி அது. யாரும் தொடவில்லை.

போன வருஷக் கதை இன்னும் நெருக்கமானது. 2025 ஜூலையில் ஜெகதீப் தன்கர் விலகி, செப்டம்பர் 9-இல் துணை ஜனாதிபதி தேர்தல், எம்.பி.க்கள் மட்டும் போடுகிற ஓட்டு. நிற்பவர் திருப்பூர் சி.பி. ராதாகிருஷ்ணன். கொங்கு நாட்டுக்காரர், நம்ம பக்கத்து ஆள்! குழுவில் நோம்பி மாதிரி இருந்தது. எதிரே தெலங்கானாவின் நீதிபதி சுதர்சன் ரெட்டி நிற்கிறார் என்பதைப் பலர் தெரிந்துகொள்ளவே இல்லை. அன்று சாயங்காலம் வீட்டில் என் தம்பி பேத்தி, சட்டக் கல்லூரியில் படிக்கிறவள், தானாகவே பேச்சை எடுத்தாள். 1998-லும் 1999-லும் கோவையில் ஜெயித்தவர், ஜார்க்கண்டிலும் மகாராஷ்டிரத்திலும் ஆளுநராக இருந்து நிர்வாகம் பார்த்தவர், கட்சி கடந்து பழகுகிறவர் என்று ராதாகிருஷ்ணனின் பலத்தை வரிசையாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, சின்ன வயசிலிருந்து ஒரே இயக்கத்தில் வளர்ந்தவர் ராஜ்யசபைக்குத் தலைமை தாங்கும்போது எதிர்க்கட்சிக்காரருக்கு மைக்கைக் கொடுப்பாரா என்பதுதான் பார்க்கவேண்டியது என்றாள். சத்தீஸ்கரில் ஆதிவாசி இளைஞர்களுக்கு ஆயுதம் கொடுத்து மாவோயிஸ்டுகளுக்கு எதிராக இறக்கிய சல்வா ஜூடும் ஏற்பாட்டை 2011-இல் செல்லாது என்ற தீர்ப்பு சுதர்சன் ரெட்டியின் பலம், சட்டசபையோ பாராளுமன்றமோ உள்ளிருந்து பார்க்காதவர் என்பது அவர் குறை என்றும் சொன்னாள்.

“நம்மூர்க்காரரப் போய் இப்படிப் பேசறயே கண்ணு” என்றான் தம்பி.

“நம்மூர்க்காரருங்கறதாலதானுங் தாத்தா உடைச்சுப் பாக்கோணும்.”

வெல்ல மண்டிக்காரரை அவள் பார்த்ததே இல்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகு பிறந்தவள்.

ராதாகிருஷ்ணன் 452-க்கு 300 என்று ஜெயித்தார். பேச்சு அதோடு முடியவில்லை. அவர் 2004, 2014, 2019 என்று கோவையில் மூன்று முறை தோற்றவர். தோற்றது ஒரு குறை என்றாள் பேத்தி. நான் ஒப்பவில்லை. 1969-இல் தோற்றுப்போய் நிலத்தைப் பார்க்கப் போன சஞ்சீவ ரெட்டியைச் சொன்னேன். “அவரு தோத்துட்டு வெவசாயத்துக்குப் போனாரு, இவரு தோத்துட்டு கவர்னரா போனாரு, ரெண்டும் ஒண்ணுங்களா தாத்தா?” என்றாள். தம்பியும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டான். 2027 ஜூலையில் அடுத்த ஜனாதிபதி தேர்தல் வரவேண்டும். தோல்வி எந்தத் தட்டில் ஏறும் என்பது எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை.